சியரா லியோன்: போர் முடிந்தும் கருவூலத்தை எட்டாத கனிம வளம்

2013ஆம் ஆண்டில் சியரா லியோனின் மொத்த உள்நாட்டு உற்பத்தி 20 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது. அந்த ஆண்டில் உலகில் மிக வேகமாக வளர்ந்த நாடுகளின் வரிசையில் அதன் பெயர் முன்னால் நின்றது. 2015ஆம் ஆண்டில் அதே உற்பத்தி ஏறத்தாழ அதே 20 சதவீத அளவுக்குச் சுருங்கியது. இந்த இரண்டு ஆண்டுகளுக்கு நடுவே அங்கே போர் நடக்கவில்லை. ஆட்சிக் கவிழ்ப்பும் நிகழவில்லை. இரும்புத்தாதுவின் உலக விலை விழுந்தது, எபோலா பரவியது, இரண்டு சுரங்க நிறுவனங்கள் நொடித்துப்போயின. இவ்வளவு உயரத்துக்கு ஏறிய ஒரு நாட்டின் பொருளாதாரத்தை இவை மட்டுமே அதே வேகத்தில் இறக்கிவிட முடிந்தது எப்படி என்பதே இந்த ஆய்வு எடுத்துக்கொண்ட கேள்வி.

ஏறத்தாழ 72,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்த மேற்கு ஆப்பிரிக்க நாட்டில் வைரம், இரும்புத்தாது, டைட்டானியம் தாதுவான ரூட்டைல், அலுமினியத் தாதுவான பாக்சைட், தங்கம் ஆகியவை கிடைக்கின்றன. பதினொரு ஆண்டுப் போருக்குப் பின் அமைதியைக் கட்டிக்காத்ததில் அந்நாடு பெற்ற வெற்றி உண்மையானது. அப்பகுதி நாடுகள் பலவற்றுக்கு வாய்க்காதது. ஆனால் மண்ணிலிருந்து எடுக்கப்படும் செல்வம் அரசுக் கருவூலம் வழியாகப் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் சாலைக்கும் போய்ச் சேரும் ஏற்பாடு போருக்கு முன்பும் இல்லை, பின்பும் முழுமையாக உருவாகவில்லை. வைரத்தில் ஒரு காரணத்தாலும் இரும்பில் முற்றிலும் வேறொரு காரணத்தாலும் அது தவறிப்போனது. இரண்டையும் 'வளத்தின் சாபம்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவது எளிது. அப்படி அடக்கிவிட்டால் எந்த இடத்தில் எந்த முடிவு பிழைத்தது என்பது தெரியாமலே போய்விடும்.

போருக்கு முன்பே வற்றிய கருவூலம்

சியரா லியோனில் வைரம் 1930இல் கிழக்கு மாவட்டமான கோனோவில் கண்டுபிடிக்கப்பட்டது. 1935இல் பிரிட்டிஷ் காலனி அரசு, சியரா லியோன் செலெக்ஷன் டிரஸ்ட் என்ற நிறுவனத்துக்கு 99 ஆண்டுகளுக்கு ஏகபோக உரிமை கொடுத்தது. காகிதத்தில் உறுதியாக இருந்த அந்த உரிமையைத் தரையில் காப்பாற்றுவது இயலாத காரியமாக இருந்தது. ஆழமான பாறைக்குழாய்களில் மட்டும் வைரம் இருந்திருந்தால் சுற்றிலும் வேலி போட்டுக் காவல் வைத்துவிடலாம். கோனோவிலும் கெனெமாவிலும் பெரும்பகுதி வைரம் ஆறுகள் அரித்துக் கொண்டுவந்து போட்ட சரளைக்கற்களோடு கலந்து, ஆற்றுப்படுகைகளிலும் சதுப்பு நிலங்களிலும் பரவிக் கிடந்தது. மண்வெட்டியும் சல்லடையும் இருந்தால் எவரும் தோண்டலாம். 1950களின் நடுவில் பல்லாயிரம் பேர் அனுமதியின்றித் தோண்டத் தொடங்கியபோது, அவர்களைத் தடுக்க முடியாத அரசு 1956இல் உள்ளூர் மக்களுக்கு உரிமம் கொடுக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. இன்று நடப்பிலுள்ள சிறு தோண்டல் முறையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

1961இல் விடுதலை கிடைத்தது. 1971இல் அதிபரான சியாக்கா ஸ்டீவன்ஸ், வைர நிறுவனத்தில் 51 சதவீதப் பங்கை அரசுடைமையாக்கினார். அடுத்த ஆண்டே 968.9 காரட் எடையுள்ள 'சியரா லியோனின் நட்சத்திரம்' என்ற வைரம் கிடைத்ததால் நாட்டுக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்று நம்பியவர்கள் நிறையப் பேர். நடந்தது நேர்மாறானது. 1970இல் 20 லட்சம் காரட்டுக்கு மேல் இருந்த அதிகாரபூர்வ வைர ஏற்றுமதி 1988இல் சுமார் 48,000 காரட்டாகக் குறைந்தது. மண்ணுக்குள் இருந்த வைரம் அந்த 18 ஆண்டுகளில் தீர்ந்துபோய்விடவில்லை. கணக்கில் வராத வழிகளில் வெளியேறியது. அதிபருக்கு நெருக்கமான ஒருசில வணிகர்களும் அரசியல் பிரமுகர்களும் உரிமங்களையும் ஏற்றுமதியையும் கையில் வைத்திருந்தார்கள். மாட்டை எங்கே கட்டுகிறார்களோ அங்கேதான் அது மேயும் என்ற, நாட்டின் பொதுமொழியான கிரியோவின் பழமொழி அக்கால ஆட்சிமுறையின் இலச்சினை போலவே ஆகிவிட்டது. பதவி என்ற முளையில் கட்டப்பட்டவர் அதைச் சுற்றியிருப்பதை மேய்ந்துகொள்ளலாம் என்பது அதன் நடைமுறைப் பொருள்.

கருவூலம் வற்றியதன் விளைவுகள் ஒவ்வொன்றாக வந்தன. நாட்டின் உட்பகுதியைத் துறைமுகத்தோடு இணைத்த அரசு ரயில்பாதை 1970களின் நடுவில் மூடப்பட்டது. மராம்பா இரும்புச் சுரங்கம் 1975இல் நின்றது. 1980இல் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் மாநாட்டைத் தலைநகர் ஃப்ரீடவுனில் நடத்துவதற்காக அரசு தன் சக்திக்கு மீறிச் செலவு செய்தது. 1985இல் ஸ்டீவன்ஸ் பதவியைக் கையளித்த ஜோசப் மோமோவின் காலத்தில் ஆசிரியர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் வரவில்லை. தலைநகரிலேயே மின்சாரமும் பெட்ரோலும் அரிதாயின. படித்தும் வேலையில்லாத, கிராமத்தில் நிலத்துக்குத் தலைவரின் தயவை எதிர்பார்த்து நிற்க வேண்டியிருந்த ஓர் இளைஞர் தலைமுறை உருவாகியிருந்த நிலையில்தான் போர் வந்தது.

கல்லும் துப்பாக்கியும்

புரட்சிகர ஐக்கிய முன்னணி என்ற கிளர்ச்சிப்படை 1991 மார்ச் 23 அன்று லைபீரிய எல்லையைத் தாண்டிக் கைலாஹுன் மாவட்டத்தில் புகுந்தது. அதன் தலைவர் ஃபோடே சங்கோ. அவருக்குப் பின்னால் இருந்தவர் லைபீரியாவின் கிளர்ச்சித் தலைவரும் பின்னாளில் அதன் அதிபருமான சார்ல்ஸ் டெய்லர். வைரத்துக்காகத்தான் போர் தொடங்கியது என்று பலரும் எழுதிவிடுகிறார்கள். போர் தொடங்கிய கைலாஹுன் கோக்கோவும் காப்பியும் விளையும் பகுதி என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். போரைப் பற்றவைத்தது ஆட்சியின் சீரழிவு. பத்தாண்டுகளுக்கு மேல் அணையாமல் வைத்திருந்ததில் வைரத்தின் பங்கு பெரிது. கோனோ கைமாறிய ஒவ்வொரு முறையும், அதைப் பிடித்தவர் எவராக இருந்தாலும், முதலில் தோண்டலைத்தான் தொடங்கினார்கள். அரசுப்படையிலேயே பகலில் சிப்பாயாகவும் இரவில் கிளர்ச்சியாளராகவும் இருந்தவர்களுக்கு மக்கள் தனிப் பெயரே வைத்திருந்தார்கள்.

கிளர்ச்சிப்படை தோண்டிய கற்கள் பெரும்பாலும் லைபீரியா வழியாக வெளியேறின. அந்த நாட்டின் மண்ணில் கிடைக்கக்கூடிய அளவைவிடப் பன்மடங்கு வைரம் அங்கிருந்து ஏற்றுமதியானதாக பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் வைரச் சந்தையின் இறக்குமதிப் பதிவுகள் காட்டின. சியரா லியோனின் சொந்தக் கணக்கிலோ 1999இல் அதிகாரபூர்வ ஏற்றுமதி 15 லட்சம் டாலரைக்கூட எட்டவில்லை. அதே ஆண்டு ஜனவரி 6 அன்று ஃப்ரீடவுன் தாக்கப்பட்டு ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்ட பிறகு, ஜூலையில் டோகோ நாட்டின் லோமே நகரில் கையெழுத்தான உடன்பாடு சங்கோவுக்குத் துணை அதிபருக்கு இணையான தகுதியும், நாட்டின் கனிம வளங்களை மேலாளும் ஆணையத்தின் தலைமைப் பதவியும் கொடுத்தது. கையையும் காலையும் வெட்டிய படையின் தலைவரிடம் வைரத்தின் சாவியைக் கொடுத்த அந்தப் பிரிவு, அமைதி உடன்பாடுகளின் வரலாற்றில் இன்றும் படிக்கக் கூசும் பிரிவுகளில் ஒன்று. உடன்பாடு ஓராண்டுகூட நிற்கவில்லை. 2000 மே மாதத்தில் ஐ.நா. அமைதிப்படையினர் சுமார் 500 பேரைக் கிளர்ச்சியாளர்கள் சிறைபிடித்தார்கள். பிரிட்டிஷ் படை வந்து இறங்கியது. கைலாஹுனில் முற்றுகையில் சிக்கியிருந்த இந்தியப் படையினர் ஜூலையில் 'குக்ரி' நடவடிக்கை மூலம் மீட்கப்பட்டார்கள். அதே ஜூலையில், அரசுச் சான்றிதழ் இல்லாத சியரா லியோன் வைரத்தை வாங்க ஐ.நா. பாதுகாப்பு அவை தடை விதித்தது. பின்னர் 2003இல் நடைமுறைக்கு வந்த கிம்பர்லி சான்றிதழ் முறைக்கு (போருக்குப் பணம் தரும் வைரத்தைச் சந்தையிலிருந்து விலக்கும் சர்வதேச ஏற்பாடு) இந்தத் தடை ஒரு முன்னோட்டமாக அமைந்தது.

2002 ஜனவரி 18 அன்று போர் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. சுமார் 50,000 பேர் இறந்திருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. மக்கள்தொகையில் ஏறத்தாழ பாதிப் பேர் ஏதோவொரு கட்டத்தில் இடம்பெயர்ந்திருந்தார்கள்.

முதல் மீட்சி எங்கிருந்து வந்தது

2002இல் பொருளாதாரம் 25 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது. தரைமட்டத்திலிருந்து எழும் எதற்கும் சதவீதம் பெரிதாகவே தெரியும் என்பதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், அந்த வளர்ச்சி எதிலிருந்து வந்தது என்பது கவனிக்கத்தக்கது. பெரிய சுரங்கங்கள் அப்போது மூடியே கிடந்தன. ரூட்டைல் சுரங்கமும் பாக்சைட் சுரங்கமும் 1995இல் கிளர்ச்சியாளர்களின் தாக்குதலால் நின்றவை. ரூட்டைல் உற்பத்தி மீண்டும் தொடங்கியது 2006இல்தான். கினியாவிலும் லைபீரியாவிலும் இருந்த அகதிகள் ஊர் திரும்பிக் காட்டை வெட்டி நெல் விதைத்தார்கள்; கைவிடப்பட்ட கோக்கோத் தோட்டங்களில் புதர் நீக்கினார்கள்; சாலை திறந்ததால் சந்தைகள் கூடின. அமைதி என்பதே அங்கே முதல் உற்பத்திக் காரணி. சுரங்கத் திட்டங்களுக்குப் பிற்காலத்தில் கொடுக்கப்பட்ட கவனத்தில் கால்பங்கு இந்த உழவர்களுக்குக் கிடைத்திருந்தால் அரிசி இறக்குமதிக்காக நாடு இன்றும் டாலரைத் தேடிக்கொண்டிருக்க வேண்டியிருக்காது என்பது என் கணிப்பு.

ஏறத்தாழ 72,000 போராளிகள் ஆயுதங்களை ஒப்படைத்தார்கள். தச்சு, தையல், கொத்து என்று சில மாதப் பயிற்சியும் ஒரு கருவிப்பெட்டியும் கொடுத்து அனுப்பப்பட்டவர்களில் பலர், வேலை கொடுக்க ஆளில்லாத ஊர்களில் அந்தப் பெட்டியை விற்றுவிட்டார்கள். அவர்களில் கணிசமானோர் தாமாகவே கண்டுகொண்ட தொழில் மோட்டார் சைக்கிள் வாடகை ஓட்டம். போ, கெனெமா, மக்கேனி ஆகிய ஊர்களில் நேற்றுவரை எதிரெதிர் அணியில் இருந்தவர்கள் ஒரே ஓட்டுநர் சங்கத்தில் சந்தா கட்டினார்கள்; போலீசோடு தகராறு வந்தால் சங்கம் பேசியது. எந்த நிபுணர் குழுவும் வரைந்து கொடுக்காத இந்த மறுவாழ்வுத் திட்டம், பெருஞ்செலவில் நடந்த பயிற்சித் திட்டங்கள் பலவற்றைவிட நீடித்து நின்றது.

அரசின் பக்கத்தில் நடந்த சீரமைப்பு பெரும்பாலும் வெளிநாட்டுப் பணத்தில் நடந்தது. பிரிட்டன் முதன்மையான கொடை நாடாக இருந்து காவல்துறையையும் ராணுவத்தையும் புதிதாகக் கட்டியது. 2002இல் தேசிய வருவாய் ஆணையம் அமைக்கப்பட்டுச் சுங்கமும் வருமான வரியும் ஒரே கூரையின் கீழ் வந்தன. 2004இல், 1972இல் கலைக்கப்பட்ட உள்ளாட்சி மன்றங்கள் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டன. 2006 டிசம்பரில் கடன்சுமை மிகுந்த ஏழை நாடுகளுக்கான திட்டத்தின் கீழ் நூறு கோடி டாலருக்கு மேற்பட்ட வெளிக்கடன் தள்ளுபடியானது. 2007 தேர்தலில் ஆளுங்கட்சி தோற்று, எர்னஸ்ட் பாய் கொரோமா அமைதியாகப் பதவி ஏற்றார். அதே காலத்தில் வெளிவந்த ஐ.நா. மனித மேம்பாட்டுக் குறியீட்டில் 177 நாடுகளில் சியரா லியோன் 177ஆவது இடத்தில் இருந்தது. ஒரு பக்கம் நிறுவனங்கள் திரும்பி எழுந்ததும், இன்னொரு பக்கம் அவற்றிடம் செலவழிக்கப் பணம் இல்லாததும் ஒரே காலத்தில் உண்மையாக இருந்தன.

குழியும் மூன்று சதவீதமும்

வைரத் தொழிலின் பொருளாதாரத்தைப் புரிந்துகொள்ளக் கோனோவில் உள்ள ஒரு குழியின் கணக்கைப் பார்த்தால் போதும். கைவினைத் தோண்டலுக்கான உரிமம் சியரா லியோன் குடிமக்களுக்கு மட்டுமே வழங்கப்படுகிறது, ஓராண்டுக்குச் செல்லும், நிலத்துக்கு உள்ளூர்த் தலைவரின் ஒப்புதலும் அவருக்குச் செலுத்தும் வாடகையும் வேண்டும். உரிமம் எடுத்தவரிடம் பெரும்பாலும் முதல் இருக்காது. முதல் போடுபவரை அங்கே 'சப்போர்ட்டர்' என்கிறார்கள். மண்வெட்டி, சல்லடை, தண்ணீர் இறைக்கும் பம்ப், டீசல், தோண்டுபவர்களுக்கான அரிசி எல்லாம் அவர் செலவு. தோண்டுபவர்களுக்கு நாளொன்றுக்கு இரண்டு கப் அரிசியும் சில்லறைக் கூலியும் கிடைக்கும். கல் கிடைத்தால் பங்கு. மேல்மண்ணை அகற்றிச் சரளை வரும்வரை வாரக்கணக்கில் தோண்ட வேண்டும். சரளையைக் குவித்து வைத்துப் பிறகு இடுப்பளவு நீரில் நின்று வட்டச் சல்லடையைச் சுழற்றுவார்கள். கனமான கற்கள் நடுவில் சேரும்போது, கரையில் குந்தியிருக்கும் சப்போர்ட்டரின் ஆள் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். பல நாட்கள் எதுவும் கிடைக்காது. கல் கிடைத்தாலும் அதன் மதிப்பு தோண்டியவருக்குத் தெரியாது. கடன் கொடுத்தவருக்கே முதலில் விற்க வேண்டும் என்ற கட்டாயம் வேறு இருக்கிறது. சப்போர்ட்டரிடமிருந்து வியாபாரிக்கும், வியாபாரியிடமிருந்து ஏற்றுமதியாளருக்கும் போகும் கல் ஒவ்வொரு படியிலும் விலை ஏறும். ஏற்றுமதியாளர்களில் பல தலைமுறைகளாக அங்கேயே வாழும் லெபனான் வம்சாவளியினர் முக்கியமானவர்கள்.

கடைசியாக ஃப்ரீடவுனில் உள்ள அரசின் மதிப்பீட்டு அலுவலகத்தில் கல் மதிப்பிடப்பட்டு, பொட்டலமாக முத்திரையிடப்பட்டு, சான்றிதழோடு வெளியேறும். இங்கேதான் அரசின் பங்கு வருகிறது: ஏற்றுமதி மதிப்பில் 3 சதவீதம். 2000இல் ஏறத்தாழ ஒரு கோடி டாலராக இருந்த அதிகாரபூர்வ ஏற்றுமதி 2004இல் சுமார் 12.7 கோடி டாலராக உயர்ந்தது. சான்றிதழ் முறைக்கு இது பெரிய வெற்றிதான். ஆனால் 12.7 கோடியில் 3 சதவீதம் என்றால் 38 லட்சம் டாலர். அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் மக்கள்தொகை ஏறத்தாழ 50 லட்சம். ஆக ஆளுக்கு ஒரு டாலர்கூட வரவில்லை. உலகம் முழுவதும் பேசப்பட்ட ஒரு வளத்திலிருந்து அரசுக்குக் கிடைத்த நேரடி ஏற்றுமதி வரி அவ்வளவுதான்.

வரியை ஏன் உயர்த்தவில்லை என்று கேட்பது நியாயம். சட்டைப் பைக்குள், தேவைப்பட்டால் வாய்க்குள்கூட, அடங்கும் ஒரு பொருளுக்கு வரி விதிக்கும்போது அந்த விகிதத்தைத் தீர்மானிப்பவர் நிதியமைச்சர் இல்லை. எல்லைக்கு அப்பால் உள்ள விகிதமே தீர்மானிக்கிறது. கினியாவிலும் லைபீரியாவிலும் இதைவிடக் குறைந்த செலவில் விற்க முடியுமானால் கல் ஒரே இரவில் அங்கே போய்விடும். 20 லட்சம் காரட்டிலிருந்து 48,000 காரட்டுக்குச் சரிந்த வரலாறு அதிகாரிகளுக்கு மறக்கவில்லை. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஏற்றுமதியாளர்களில் சிலருக்கு வைரத்தில் கிடைக்கும் லாபத்தைவிட அதன் மூலம் கைக்கு வரும் டாலரே முக்கியம். அந்த டாலரைக் கொண்டு அரிசியும் சிமெண்டும் இறக்குமதி செய்து உள்ளூரில் விற்று லாபம் பார்ப்பார்கள். ஆகவே வைரத்துக்கு வரியை ஏற்றுவது, அந்நியச் செலாவணியின் ஒரு முக்கிய வாசலை அரசே மூடிக்கொள்வதற்கு ஒப்பாகலாம். குறைந்த வரியை வெறும் ஊழல் என்று எழுதித் தள்ளுவோர் இந்தக் கட்டுப்பாட்டைக் கணக்கில் எடுப்பதில்லை.

இந்தக் கட்டுப்பாட்டுக்குள் நின்று செய்யப்பட்ட நல்ல முயற்சி ஒன்று 2001இல் தொடங்கியது. 3 சதவீதத்தில் கால்பங்கை, அதாவது ஏற்றுமதி மதிப்பில் 0.75 சதவீதத்தை, தோண்டல் நடக்கும் தலைமைப் பகுதிகளுக்கே (பாரம்பரியத் தலைவர்களின் ஆளுகையிலுள்ள வட்டாரங்களுக்கே) திருப்பிக் கொடுக்கும் வைரப் பகுதிச் சமூக மேம்பாட்டு நிதி அது. எந்தப் பகுதியில் உரிமங்களும் அதிகாரபூர்வ விற்பனையும் அதிகமோ அந்தப் பகுதிக்கு அதிகப் பணம் என்பதால், கடத்தலைத் தடுப்பதில் உள்ளூர்த் தலைவர்களுக்கே அக்கறை பிறக்கும் என்பது அதன் தர்க்கம். தர்க்கம் சரியாகவே வேலை செய்தது. உரிமங்களின் எண்ணிக்கை உயர்ந்தது. செலவழித்த விதத்தில்தான் கோளாறு. பணம் தலைவர்களின் கைக்கே போனதால் கூட்டம் நடத்தும் கூடங்களும் அரைகுறைக் கட்டடங்களும் எழுந்தன. கணக்குக் கேட்ட இளைஞர்களுக்குப் பதில் கிடைக்கவில்லை. போருக்கு முன் இளைஞர்களை ஊரைவிட்டு ஓடவைத்த அதே தலைமை முறைக்குப் போருக்குப் பின் புதிய வருமானம் கிடைத்ததை, திட்டத்தை வகுத்தவர்கள் போதுமான அளவு எண்ணிப் பார்க்கவில்லை என்றே தோன்றுகிறது.

2017 மார்ச்சில் கோனோவில் ஒரு பாதிரியார் முதல் போட்ட குழியில் 709 காரட் வைரம் கிடைத்தது. அவர் அதை மறைக்காமல் அரசிடம் ஒப்படைத்ததே செய்தியானது. ஃப்ரீடவுனில் வந்த சுமார் 78 லட்சம் டாலர் கேட்பு போதாது என்று அரசு மறுத்து, டிசம்பரில் நியூயார்க்கில் ஏலம் விட்டபோது கிடைத்தது 65 லட்சம் டாலர். வந்த தொகையில் பாதிக்கு மேல் அரசுக்கும் அப்பகுதி மேம்பாட்டுக்கும் போனது. வழக்கமான வழியில் போயிருந்தால் அந்தக் கல்லில் அரசு கண்டிருக்கக்கூடியது மிகச் சொற்பம்.

வேலி போட முடிந்த கனிமம்

இரும்புத்தாதுவை எவரும் சட்டைப் பையில் கடத்த முடியாது. அதற்கு ரயில் வேண்டும், துறைமுகம் வேண்டும், பெரிய முதல் வேண்டும். வைரத்தில் அரசின் கையைக் கட்டிப்போட்ட காரணம் எதுவும் இங்கே இல்லை. அதனாலேயே இங்கே நடந்த தவறுகளை மன்னிப்பது கடினம்.

2000களின் பிற்பாதியில் சீனாவின் எஃகு ஆலைகள் தாதுவைத் தேடி அலைந்த காலத்தில் லண்டனில் பங்குச்சந்தைப் பட்டியலில் இருந்த இரண்டு நிறுவனங்கள் சியரா லியோனுக்குள் வந்தன. லண்டன் மைனிங் நிறுவனம் பழைய மராம்பா சுரங்கத்தை எடுத்தது. ஆஃப்ரிக்கன் மினரல்ஸ் நிறுவனம் டோங்கொலிலியில் உள்ள மிகப் பெரிய படிவத்தை எடுத்து, அங்கிருந்து பெப்பல் துறைமுகம் வரை ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ரயில்பாதையைப் பழுதுபார்த்தும் புதிதாகப் போட்டும் 2011 நவம்பரில் முதல் கப்பலை அனுப்பியது. 2012இல் சீனாவின் ஷான்டோங் இரும்பு எஃகு நிறுவனம் அந்தத் திட்டத்தில் 25 சதவீதப் பங்கை 150 கோடி டாலருக்கு வாங்கியது. நாட்டின் உற்பத்தி 2012இல் 15 சதவீதமும் 2013இல் 20 சதவீதத்துக்கு மேலும் வளர்ந்தது இந்த இரண்டு சுரங்கங்களால்தான்.

இந்த வளர்ச்சியில் நாட்டுக்குள் தங்கியது எவ்வளவு என்பதே கேள்வி. 2009இல் சுரங்கங்களுக்கான பொதுச் சட்டம் ஒன்று நிறைவேறியிருந்தது. ஆனால் பெரிய நிறுவனங்களோடு தனித்தனி ஒப்பந்தங்கள் போடப்பட்டு, அவை நாடாளுமன்றத்தில் ஏற்கப்பட்டு, பொதுச் சட்டத்தைவிடச் சாதகமான வரி விகிதங்களையும் இறக்குமதித் தீர்வை விலக்குகளையும் கொடுத்தன. சுரங்கத்துக்கு வரும் இயந்திரம், டீசல், உதிரிபாகம் ஆகியவற்றுக்கு வரி இல்லை; தொடக்க ஆண்டுகளின் முதலீட்டைக் கழித்த பிறகே லாப வரி. விலை உச்சத்தில் இருந்த ஆண்டுகள் அத்தனையும் அந்தத் தொடக்க ஆண்டுகளாக முடிந்துபோயின. சுரங்கத்தில் நேரடி வேலை கிடைத்தவர்கள் சில ஆயிரம் பேர். அவர்களின் ஊதியமும் நிலைமையும்கூடப் பிணக்குக்கு உள்ளாயின; 2012 ஏப்ரலில் பும்புனா ஊரில் வேலைநிறுத்தத்தின்போது காவல்துறை சுட்டதில் ஒரு பெண் தொழிலாளி கொல்லப்பட்டார். போர் முடிந்து பத்தாண்டு ஆன நாட்டில், வேலை கேட்ட ஏழை நாட்டரசு முதலீட்டாளரிடம் பேரம் பேசப் பயந்தது என்று இதைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் ரயில்பாதைக்கும் துறைமுகத்துக்கும் உரிமை கொடுக்க வேண்டியிருந்தது அதே அரசுதான். அவையின்றித் தாது அசையாது. பேரத்துக்கான பிடி இருந்தும் பயன்படுத்தப்படவில்லை.

2011இல் டன்னுக்கு 180 டாலரையும் தாண்டியிருந்த இரும்புத்தாது விலை 2015 முடிவில் 40 டாலரை ஒட்டி விழுந்தது. கடனில் கட்டப்பட்ட இரண்டு நிறுவனங்களும் தாங்கவில்லை. லண்டன் மைனிங் 2014 அக்டோபரிலும் ஆஃப்ரிக்கன் மினரல்ஸ் 2015 மார்ச்சிலும் நொடித்தன. ஊர்க்காரர்களாக இருந்த ஒப்பந்ததாரர்கள் பலருக்கு நிலுவை வரவேயில்லை. அதன் பிறகு டோங்கொலிலி ஷான்டோங்கின் கைக்குப் போய், மூடப்பட்டு, 2020இல் கிங்ஹோ என்ற இன்னொரு சீன நிறுவனத்திடம் சேர்ந்தது. மராம்பாவை எடுத்த ஜெரால்ட் குழுமத்தோடு 2019இல் மூண்ட தகராறில் உரிமம் ரத்தாகி, வழக்கு வெளிநாட்டு நடுவர் மன்றம் வரை போய், 2021இல் 2 கோடி டாலரையும் 10 சதவீதப் பங்கையும் பெற்றுக்கொண்டு அரசு சமரசம் செய்துகொண்டது.

எபோலாவும் அதன் பிறகும்

2014 மே மாதம் கைலாஹுனில் எபோலா உறுதியானது. போர் நுழைந்த அதே எல்லை மாவட்டம் என்பது தற்செயல் என்றாலும், இரண்டும் அங்கே எளிதாக நுழைந்ததற்குக் காரணம் ஒன்றே: அந்த எல்லையில் அரசு என்ற ஒன்று பெயரளவில்தான் இருந்தது. 14,000 பேருக்கு மேல் தொற்றினார்கள். ஏறத்தாழ 3,950 பேர் இறந்தார்கள். பள்ளிகள் ஏறத்தாழ ஒன்பது மாதம் மூடியிருந்தன, வாரச்சந்தைகள் தடைசெய்யப்பட்டன, அறுவடைக்கு ஆள் கிடைக்கவில்லை. வளர்ச்சி 20 சதவீதத்தைத் தொட்ட நாட்டில் கையுறையும் ஆம்புலன்சும் இல்லை என்று உலகம் வியந்தது. தாதுவின் பணம் மருத்துவமனை வரை வந்ததே இல்லை என்பதால் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

எபோலாவுக்காக அரசு செலவிட்ட முதல் சில மாதப் பணத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு உரிய கணக்கு இல்லை என்று நாட்டின் தணிக்கைத் துறையே 2015 பிப்ரவரியில் அறிக்கை வெளியிட்டது. நோயின் நடுவிலேயே அரசின் செலவை அரசின் துறை ஒன்று இப்படிப் பகிரங்கமாகக் கேள்வி கேட்டதை, போருக்குப் பின் கட்டப்பட்ட நிறுவனங்களின் உண்மையான சாதனையாக நான் கருதுகிறேன். அந்தத் துறையின் தலைவர் லாரா டெய்லர்-பியர்ஸ் 2021 நவம்பரில் இடைநீக்கம் செய்யப்பட்டு, 2024 டிசம்பரில் நாடாளுமன்ற வாக்கெடுப்பின் மூலம் நீக்கப்பட்டார்.

2018இல் பதவிக்கு வந்த ஜூலியஸ் மாடா பயோவின் அரசு கட்டணமில்லாப் பள்ளிக் கல்வியைத் தொடங்கியது; பட்ஜெட்டில் பெரும் பங்கு அதற்குப் போனது. 2022 ஜூலையில் லியோன் நாணயத்திலிருந்து மூன்று பூஜ்யங்கள் நீக்கப்பட்டன. அடுத்த மாதமே விலைவாசியை எதிர்த்து ஃப்ரீடவுனிலும் மக்கேனியிலும் கிளர்ச்சி வெடித்துப் பலர் உயிரிழந்தார்கள். 2023இல் பணவீக்கம் 50 சதவீதத்தைத் தாண்டியது. பல்லாண்டு இழுத்து 2009இல் திறக்கப்பட்ட 50 மெகாவாட் பும்புனா நீர்மின் நிலையம் கோடையில் தளர்ந்துவிடுவதால், தலைநகரின் வெளிச்சம் துறைமுகத்தில் நிற்கும் துருக்கிய மின்கப்பலை நம்பியிருந்தது. பாக்கி சுமார் 4 கோடி டாலராக ஏறியதும் அந்தக் கப்பல் மின்சாரத்தைக் குறைத்தது. 2024 ஏப்ரலில் எரிசக்தி அமைச்சர் பதவி விலகினார். லியோனில் வசூலித்து டாலரில் கட்ட வேண்டிய பில்லுக்கு, டாலர் ஈட்டும் கனிமங்கள் துணை நிற்காததே இதன் அடிப்படை.

2022இல் இரண்டு திசைகளில் சட்டம் மாறியது. பெரிய சுரங்கங்களில் அரசுக்குக் குறைந்தது 10 சதவீத இலவசப் பங்கு என்று புதிய சுரங்கச் சட்டம் வகுத்தது. மரபுவழி நிலங்களில் குடும்பங்களின் ஒப்புதல் இல்லாமல் நிறுவனங்கள் நுழைய முடியாது என்றும், நிலத்தில் பெண்களுக்கும் சம உரிமை உண்டு என்றும் நிலச் சட்டங்கள் சொல்கின்றன. நிலத்தைத் தலைவரின் ஒரே கையெழுத்தில் குத்தகைக்கு விட்ட காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய மாற்றம். முதலீட்டாளர்கள் இதனால்தான் தயங்குகிறார்கள். என்னைக் கேட்டால், வரி விகிதத்தைப் பற்றிய எந்தத் திருத்தத்தையும்விட இந்த நிலச் சட்டம் அடிப்படையானது. பணம் ஃப்ரீடவுன் போய்த் திரும்பி வரும்வரை காத்திருக்காமல், பேரம் நடக்கும் மேசைக்கே நிலத்தின் உரிமையாளரை அது கொண்டுவந்து உட்கார வைக்கிறது.

அந்தச் சட்டங்களுக்கு வெகுமுன்பே தோண்டப்பட்ட கோனோவின் கோய்டு கிம்பர்லைட் சுரங்கத்தில் (வைரம் தாங்கிய பாறைக்குழாய்ச் சுரங்கம்), வெடிவைப்பையும் மக்களை வேறிடத்தில் குடியமர்த்தியதையும் எதிர்த்து 2007இலும், ஊதியம் கேட்டு 2012இலும் நடந்த போராட்டங்களில் உயிர்ப்பலி நேர்ந்திருக்கிறது. அங்கே தொழிலாளர்களின் கடைசிப் பிணக்கு நாணய மாற்றைப் பற்றியது: டாலரில் நிர்ணயித்த கூலியை லியோனில் கொடுக்கும்போது காலாவதியான மாற்று விகிதத்தை வைத்து நிர்வாகம் கணக்கிடுகிறது என்று அவர்கள் குற்றம் சாட்டினார்கள். வேலைநிறுத்தம் நீண்டது. 2025இல் நிறுவனம் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களை வேலையிலிருந்து நீக்கி உற்பத்தியை நிறுத்தியது.